கோழிகளைக் கூப்பிட்ட பாஷை

தம்பி, நானும் உன் தங்கச்சியும் நன்றாக இருக்கிறோம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். கவரின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் என்னவோ ஏதோ என்று நீ பதறியிருப்பாய். இத்தனை நாளும் நான் சொல்லச் சொல்ல வள்ளிதான் உனக்கு எழுதினாள். மூன்றாம் வகுப்போடு நின்ற கை என்னுடையது. ஒரு வரி எழுதுவதற்குள் விரல் மரத்துப்போகிறது. ஆனால் இந்தக் கடிதத்தை அவளை வைத்து எழுத முடியாது. பாதி அவளைப் பற்றியது. மீதி, ஏழு வருஷமாக உன்னிடம் நான் மறைத்தது. அவள் பள்ளிக்கூடம் போன பிறகு, உலையில் அரிசி வேகிற நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக நாலு நாளாய் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துப் படி. ஆனால் கடைசிவரை படி. நடுவில் கோபம் வந்து மடித்து வைத்துவிடாதே.

மதுரையிலிருந்து நீ எழுதிய கடிதம் போன வாரம் வந்தது. வள்ளியைத் திருச்சியில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிறதில் உனக்குச் சந்தோஷம், அவள் சின்னம்மா வீட்டில் இருந்து படிக்கட்டும் என்று எழுதியிருந்தாய். அதற்குக் கீழேதான் அந்த வரி. "அங்கே இரண்டாவது பாஷை என்ன வேண்டும் என்று கேட்பார்கள். பிரெஞ்சு என்ற பேச்சே வேண்டாம். அந்தப் பாஷை நம் வீட்டுக்குச் செய்தது போதும். சமஸ்கிருதம் என்று போடட்டும். ஞாயிற்றுக்கிழமை மில்லுக்கு லீவு, நானே நேராகத் திருச்சிக்குப் போய்ப் பெரிய மதரிடம் சொல்லிவிடுகிறேன்" என்று எழுதியிருந்தாய். சைகோனுக்குள் ஜப்பான்காரன் வந்துவிட்டான், கப்பலும் கிடையாது, தபாலும் கிடையாது, இனி அந்தப் பாஷையை வைத்துக்கொண்டு யார் என்ன செய்யப்போகிறார்கள் என்றும் கேட்டிருந்தாய். நியாயமான கேள்விதான். ஆனால் நீ ஞாயிற்றுக்கிழமை போக வேண்டியதில்லை. உன் கடிதம் வந்த இரண்டாம் நாளே நான் வள்ளியைக் கூட்டிக்கொண்டு ரயிலேறிப் போய், பிரெஞ்சு என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டேன். வீட்டு ஆம்பளை நீ இருக்கும்போது நானாகப் போய் இதைச் செய்ததற்குக் காரணம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

உன் அப்பா சைகோனுக்குப் போனது உனக்கு ஒரு வயது ஆகும் முன்னே. கிட்டங்கி என்று சொல்லும் கடைவீட்டில் நம்மூர் ஆட்கள் பத்துப் பேர் தங்கித் தொழில் பார்த்தார்கள். அவர்களுக்குச் சமைத்துப்போடத்தான் போனார். கையும் காலும் சும்மா இருக்காத மனுஷர் என்பதால், சர்க்கார் கச்சேரிக்கும் தபாலாபீசுக்கும் தாள் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருகிற வெளிவேலையும் அவர் தலையில் விழுந்தது. அந்த ஆபீஸ் வாசல்களில் நின்று நின்றுதான் அந்தப் பாஷை அவருக்கு வந்தது. அதில் எழுதத் தெரியாது, படிக்கத் தெரியாது, வாயால் பேசுவார். மூன்று வருஷம் அங்கே, ஆறு மாதம் இங்கே, அதுதான் கணக்கு. நீ பிறந்து வளர்ந்ததில் உன் அப்பா முகத்தை எத்தனை நாள் பார்த்திருப்பாய் என்று நீயே கூட்டிப் பார்த்துக்கொள். 

இரண்டாவது தடவை வருகிறபோது, இன்ன வாரம் வாரேன் என்று எழுதிவிட்டார். நீ சின்னப் பிள்ளை. உன்னைக் கையில் பிடித்துக்கொண்டு மூன்று நாள் ஸ்டேஷனுக்கு நடந்தேன். வரவில்லை. அங்கே புறப்பட உத்தரவு கிடைக்காமல் இரண்டு மாதம் தள்ளிப்போய்விட்டதாம். அதற்குப் பிறகுதான் அந்தப் பழக்கம் வந்தது. உத்தரவு கைக்குக் கிடைத்ததும், அதில் இன்னொரு நகல் வாங்கி முன்கூட்டியே தபாலில் போட்டுவிடுவார். பிரெஞ்சில் அச்சடித்த தாள், மூலையில் வட்டமாக முத்திரை. முத்திரைக்குள் ஒரு பொம்பளை உட்கார்ந்திருப்பாள், தலையைச் சுற்றி முள்முள்ளாகக் கதிர். "நான் எழுதுறதை நம்பாத. அந்தப் பொம்பளை வந்தா நான் வாரேன்னு அர்த்தம், வீட்டுக்கு வெள்ளையடி" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அப்படியே அடுத்த தடவையும் தாள் வந்தது, வெள்ளையடித்தோம், வந்தார். அதற்கு அடுத்த தடவையும் வந்தது, வெள்ளையடித்தோம், வந்தார். திருக்கோகர்ணத்தில் நம் தெருவுக்கே தெரியும், நம் வீட்டுச் சுவர் வெளுத்தால் சைகோன்காரர் கப்பலேறிவிட்டார் என்று.

இனி நான் மறைத்ததைச் சொல்கிறேன். அவர் கடைசியாக வந்துவிட்டுப் போன பிறகு நீ நாலாம் பாரத்துக்குப் போகவேண்டும். அதற்கு முன்பிருந்தே சின்னம்மா வீட்டில் தங்கித் திருச்சியில் படித்துக்கொண்டிருந்தாய். உன் பள்ளிக்கூடத்திலும் இதே கேள்வி வந்தது, இரண்டாவது பாஷை எது என்று. நீ என்னிடம் வந்து, "அப்பாவுக்கு எழுதிக் கேளு ஆத்தா, அவரு சொல்றதை எடுக்குறேன்" என்றாய். எழுதிக் கேட்டேன். பதில் வந்தது. உனக்கு நான் என்ன சொன்னேன், நினைவிருக்கிறதா? "அப்பா ஒன் இஷ்டம்னுட்டாரு. சமஸ்கிருதம் நல்லதாம்ல, அதையே எடு" என்றேன். அவர் அப்படி எழுதவில்லை தம்பி. பிரெஞ்சு எடுக்கச் சொல் என்று எழுதியிருந்தார். தெளிவாக, இரண்டு தடவை எழுதியிருந்தார். "நான் வாசலில் நிற்கிற ஆபீசில் அவன் நாற்காலியில் உட்காருவான்" என்று எழுதியிருந்தார். அதைப் படித்ததும் கடிதத்தை மடித்துவிட்டேன். ஒருவரை அந்தக் கடலுக்குக் கொடுத்துவிட்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை முகம் பார்த்தது போதும், பிள்ளையையும் கொடுப்பதா என்று நினைத்தேன். சமஸ்கிருதம் படித்தவனை யாரும் கப்பலேற்றமாட்டார்கள் என்பதுதான் என் புத்தி. அதோடு விட்டேனா? அவருக்கும் பொய் எழுதினேன். "பையனுக்கு அந்தப் பாஷை நாக்கில் வரவில்லையாம், வேண்டாம் என்கிறான்" என்று எழுதினேன். அவர், "சரி, அவன் விருப்பம்" என்று ஒரே வரியில் பதில் போட்டார். மற்றக் கடிதமெல்லாம் ஒரு பக்கம் இருக்கும், அந்தக் கடிதம் நாலு வரிதான் இருந்தது.

உனக்கு இப்போது விளங்குகிறதா? நீ மறுக்கவில்லை. நீ அப்பா சொல்லுக்குக் காத்திருந்த பிள்ளை. அவர் சொல்லை உன்னிடம் சேர்க்காமல் நடுவில் நின்று தடுத்தவள் நான். அவர் எழுதிய அந்தக் கடிதத்தைக் கிழிக்க மனசு வரவில்லை, என் கல்யாணப் புடைவை மடிப்புக்குள் வைத்திருந்தேன். இந்தக் கவருக்குள் அதையும் வைத்திருக்கிறேன். அவர் கையெழுத்துத்தான், பார்த்துக்கொள். அது உனக்கு எழுதியது. ஏழு வருஷம் தாமதமாகத் தருகிறேன்.

அந்தத் தாள் வந்த நாளை நீ மறந்திருக்கமாட்டாய். நீ பள்ளிக்கூடப் படிப்பு முடித்து வீட்டில் இருந்தாய். தபால்காரர் கொடுத்துவிட்டுப் போனார். பிரித்ததும் மூலையில் அதே முத்திரை, அதே பொம்பளை. அவர் வர இன்னும் இரண்டு மாதம் இருக்கிறதே என்று ஒரு நொடி தோன்றியது. சீக்கிரமே உத்தரவு கிடைத்துவிட்டது போல என்று அதற்கும் நானே பதில் சொல்லிக்கொண்டேன். தாளின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவிச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தேன். நீ அதை எடுத்துப் பார்த்தாய். இங்கிலீஷ் எழுத்தாகத்தானே இருக்கிறது என்று விரலை வைத்து வைத்துப் படித்தாய். "அப்பா பேரு இருக்கு ஆத்தா. சைகோன்னு இருக்கு" என்றாய். பிறகு ஒரு இடத்தில் விரல் நின்றது. "ஆத்தா, இது ஆஸ்பத்திரிக்கு இங்கிலீஷ்ல எழுதுற மாதிரியே இருக்கு. ஒரு எழுத்துத்தான் கொறையுது" என்றாய். நான் என்ன சொன்னேன்? "கப்பல்ல ஏறணும்னா அம்மை குத்தணும்ல, அதை ஆஸ்பத்திரியிலதான குத்துவாக? அந்தச் சீட்டாத்தான் இருக்கும். போய்ச் சுண்ணாம்பு வாங்கிட்டு வா, நல்ல வேளையில நின்னு பேசிக்கிட்டு" என்றேன். நீ இன்னொரு தடவையும் சொல்ல வாயெடுத்தாய். நான் கையை ஓங்கினேன். அடிக்கவில்லை, ஓங்கினேன். நீ சுண்ணாம்பு வாங்கப் போனாய்.

திருச்சிக்குக் கொண்டுபோனால் அதைப் படித்துச் சொல்ல ஆள் இல்லாமலா போயிருக்கும்? சின்னம்மா வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளிப் பாதிரியார் இருந்தார். ஆள் இல்லாமல் இல்லை தம்பி. படித்துச் சொல்லவேண்டிய தாள் என்றே எனக்குத் தோன்றவில்லை. எனக்குத்தான் அதன் அர்த்தம் தெரியுமே! அப்படி ஒரு உறுதி. நீயே ஏணி வைத்து முன்சுவரும் பின்சுவரும் அடித்தாய். உன் தலைமுடியெல்லாம் வெள்ளை. வள்ளி உன்னைத் தாத்தா தாத்தா என்று கேலி செய்தாள். மேல வீட்டு அஞ்சலை வந்து, "சைகோன் பட்டுல எனக்கு ஒரு ரவிக்கைத் துணி சொல்லி வை மதினி. அண்ணன் மறந்துட்டா வாசல்லயே நிறுத்தித் திருப்பி அனுப்பிருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் தினம் தலைக்குப் பூ வைத்தேன். அம்மன் சந்நிதிக்குப் போய் வந்தேன். இருபத்திரண்டு நாள்.

இருபத்திரண்டாம் நாள் காலையில் திருவரங்குளத்து ராமையா வந்தார். உன் அப்பாவோடு அதே கிட்டங்கியில் பெட்டியடியில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தவர், அப்பாவை அண்ணன் என்றே கூப்பிடுவார். பின்னால் ஒரு ஆள் தலையில் அப்பாவின் தகரப் பெட்டி. பெட்டியைப் பார்த்ததும் நான் வாசலைத் தாண்டி ஓடினேன். "வாங்க தம்பி, வாங்க! எங்க ஒங்க அண்ணன்? ஸ்டேஷன்லயே கடை விரிச்சு உக்காந்துட்டாரா? இங்கிட்டு வரச் சொல்லுங்க முதல்ல" என்றேன். அவர் என் தலையைப் பார்த்தார். பூவைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். "மதினி... தாள் வரலியா மதினி?" என்றார். "வராம என்ன? வந்து இருபது நாளாச்சே. அதான் வீடெல்லாம் அடிச்சு வச்சிருக்கோம், பாத்தா தெரியலியா?" என்று சிரித்தேன். அந்த மனுஷர் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். பெட்டி தூக்கி வந்த ஆள் இறக்கவும் தெரியாமல் நின்றுகொண்டிருந்தான். காய்ச்சலில் ஆறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து அவர் போய்ச் சேர்ந்து, அன்றைக்கு இரண்டு மாதம் ஆகியிருந்தது. சாவுச் சீட்டான அந்தத் தாளோடு சேர்த்துக் கிட்டங்கியில் தமிழில் எழுதிப் போட்டிருப்பார்கள் என்று ராமையா நினைத்திருக்கிறார். ராமையா நேரில் போகிறாரே, அவர் சொல்லிக்கொள்வார் என்று அவர்கள் இருந்துவிட்டார்கள்.

செத்தவருக்கு வெள்ளையடித்தோம் என்று ஊர் பேசியது. இருபது நாள் பூ வைத்திருந்தாளாம், கோயிலுக்குள் போனாளாம் என்று பேசியது. அது எனக்குப் பெரிதாக வலிக்கவில்லை. துக்கத்துக்கு வந்தவர்கள் அழுகிறபோது நீ மட்டும் சுவர் ஓரமாகப் போய், விரல் நகத்தால் சுண்ணாம்பைச் சுரண்டிக்கொண்டே இருந்தாயே, அதுதான் வலித்தது. அன்றைக்கு நீ சொன்னதும் காதிலேயே நிற்கிறது. "நான் அந்தப் பாஷையை எடுத்திருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும் ஆத்தா. எனக்கு என் இஷ்டம்னு விட்டாரு அப்பா, நான்தான் எடுக்கல" என்றாய். அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. பிள்ளைக்கு முன்னால் பொய்க்காரியாக நிற்க வெட்கம். அப்புறம் நீ வேலைக்குப் போனாய், ஒரு நாள் ஒரு நாளாகத் தள்ளிப்போய் நாலாவது வருஷம் நடக்கிறது. நீ அந்தப் பழியைத் தூக்கிக்கொண்டே மதுரைக்குப் போனாய் என்பது உன் கடிதம் வரும்வரை எனக்குத் தெரியாது. மறந்திருப்பாய் என்று நினைத்தேன். "அந்தப் பாஷை நம் வீட்டுக்குச் செய்தது போதும்" என்ற வரியைப் படித்த பிறகுதான் தெரிந்தது. பாஷை ஒன்றும் செய்யவில்லை தம்பி. நீயும் செய்யவில்லை. நீ விரல் வைத்துச் சரியான இடத்தைத் தொட்டாய். நான்தான் கையை ஓங்கினேன். அந்தப் பழியை இறக்கி வை. அது என் சுமை, என்னிடம் கொடுத்துவிடு. நான் தூக்கிப் பழகியவள்.

இப்போது வள்ளியைப் பற்றிச் சொல்கிறேன். அப்பா கடைசியாக வந்திருந்த ஆறு மாதத்தில் அவளுக்கு மூன்று வயது. நீ திருச்சியில் இருந்தாய், இங்கே நடந்தது உனக்குத் தெரியாது. முதல் இரண்டு வாரம் அவள் அவரைப் பார்த்து அழுவாள், என் முந்தானைக்குள் போய் ஒளிந்துகொள்வாள். யாரோ ஒரு ஆள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறார் என்றுதான் அவளுக்கு நினைப்பு. அவர் கோபப்படவில்லை. கொல்லையில் போய் உட்கார்ந்துகொண்டு கோழிகளிடம் பிரெஞ்சில் பேச ஆரம்பித்தார். "வியேன் இசி, வியேன் இசி" என்று தவிட்டை அள்ளி வீசுவார். இங்கே வா என்று அர்த்தமாம். கோழிகள் ஓடிவரும். "அலே" என்பார், போ என்று. "தூஸ்மான், தூஸ்மான்" என்பார், மெதுவாக, அடித்துக்கொள்ளாதே என்று. மூன்றாம் நாள் வள்ளி முந்தானையை விட்டுவிட்டுக் கதவோரம் நின்றாள். நாலாம் நாள் தவிட்டில் அவளும் கை வைத்தாள். அவர் ஊருக்குப் புறப்படுவதற்குள் பத்துச் சொல் கற்றுக்கொண்டுவிட்டாள். அவரும் அவளை வள்ளி என்று கூப்பிடமாட்டார். "பெத்தித்" என்பார். சின்னக்குட்டி என்கிற மாதிரி ஏதோ. அப்படிக் கூப்பிட்டால்தான் அவளும் திரும்பிப் பார்ப்பாள்.

உனக்கு அவர் தோளில் உட்கார்ந்து தேர் பார்த்த நினைவு உண்டு, குளத்தூர் சந்தைக்கு அவரோடு போன நினைவு உண்டு, அவரிடம் அடிகூட வாங்கியிருக்கிறாய். அவளுக்கு அந்தப் பத்துச் சொல்தான் உண்டு. முகம் மறந்துபோயிற்று என்று அவளே என்னிடம் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து இன்றுவரை விடியற்காலையில் கோழிக்கூட்டைத் திறந்து அதே சொற்களைத்தான் சொல்கிறாள். அதே இழுப்பு, அதே தலையாட்டல். அஞ்சலை ஒரு நாள் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "ஏன்டி, ஒங்க கோழிக்குத் தமிழ் தெரியாதா? போடுற முட்டையும் பிரெஞ்சாத்தான் இருக்குமோ?" என்றாள். இவள் உடனே, "ஒங்க கோழிக்கு எந்தப் பாஷையும் தெரியாது அத்தை. அதான் தெனம் எங்க வீட்டுக்கு வருது" என்றாள். வாய் அப்படியே உன் அப்பா வாய். ஒன்றை மட்டும் நான் கவனித்திருக்கிறேன். பெத்தித் என்ற சொல்லை அவள் ஒருநாளும் கோழிக்குச் சொன்னதில்லை. அதை யாரிடமும் சொன்னதில்லை.

திருச்சிக்குப் போகும் முன்னால் அவளை உட்காரவைத்துக் கேட்டேன். உன்னிடம் கேட்காமல் விட்டது அது ஒன்றுதானே. "அண்ணன் சமஸ்கிருதம் எடுக்கச் சொல்லுது. ஒனக்கு எது வேணும்?" என்றேன். அவள் யோசிக்கவே இல்லை. "எனக்குப் பத்துத்தான தெரியும். மிச்சம் வேணும்" என்றாள். அவ்வளவுதான். உத்தியோகம் பேசவில்லை, கப்பல் பேசவில்லை, ஜப்பான்காரனைப் பேசவில்லை. நான் உனக்குப் பாஷை பார்த்தது பயத்தில். நீ இவளுக்குப் பார்ப்பது துக்கத்தில். இரண்டு பேரும் பிள்ளையைப் பார்க்காமல் கடலைப் பார்த்தோம். படிக்கப்போகிறவள் அவள், அவள் சொன்ன காரணத்தைவிட நல்ல காரணம் எனக்குக் கிடைக்கவில்லை. நாளைக்கு உனக்கும் பிள்ளைகள் பிறக்கும், இந்தக் கேள்வி உன் வீட்டுக்கும் வரும். அப்போது உன் மனசில் என்ன பயம் இருக்கிறது என்று முதலில் பார்த்து அதைத் தனியாக எடுத்து வை. பிறகு பிள்ளையைக் கேள்.

ரயிலில் பட்டாளத்து ஆட்களின் நெரிசல். ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்து போனோம். மூன்று வருஷத்துக்குப் பிறகு நான் ஊர் தாண்டியது அன்றைக்குத்தான். பள்ளிக்கூடத்து ஆபீசில் ஒரு தமிழம்மா தாளை நீட்டி, "இரண்டாவது பாஷை?" என்று கேட்டார். "பிரெஞ்சு" என்றேன். அவர் என் வெள்ளைப் புடைவையையும் காலையும் பார்த்துவிட்டு, "அது கஷ்டமாச்சேம்மா, வீட்ல சொல்லிக் குடுக்க ஆள் இருக்கா? சமஸ்கிருதம் போடட்டுமா?" என்றார். "வீட்ல கோழி இருக்கு" என்று வள்ளி சொல்லிவிட்டாள். நான் தொடையில் கிள்ளினேன். அந்த அம்மா முழித்தார். ஓரத்து மேசையில் ஒரு வயதான வெள்ளைக்கார மதர் குனிந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். அவர்தான் பிரெஞ்சு சொல்லிக்கொடுப்பவராம். கோழி என்றதும் நிமிர்ந்தார். தமிழ் உடைந்து உடைந்து வந்தது. "என்ன கோழி?" என்றார். வள்ளி கையைக் கட்டிக்கொண்டு, தவிடு வீசுகிற மாதிரியே தலையை ஆட்டி, "வியேன் இசி. அலே. தூஸ்மான்" என்று வரிசையாகச் சொன்னாள். ஒன்பது சொல்லும் சொன்னாள். பத்தாவதைச் சொல்லவில்லை.

மதர் வாயில் கை வைத்துச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டார். "எங்க அப்பா. செத்துட்டாரு" என்றாள் வள்ளி. சிரிப்பு நின்றது. பிறகு நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி, கையை நீட்டி, மெதுவாகச் சொன்னார், "வியேன் இசி, பெத்தித்" என்று.

நான் மேசையைப் பிடித்துக்கொண்டேன். அந்தச் சொல் யாருக்கும் தெரியாது தம்பி. எங்கள் மூன்று பேரைத் தவிர யாருக்கும் தெரியாது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அந்தப் பாஷை பேசுகிற ஊரில் எல்லாப் பிள்ளைகளையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள் போல. வள்ளி என்னைத் திரும்பிப் பார்த்தாள். போகட்டுமா என்று கேட்கிற பார்வை. நான் தலையாட்டினேன். போனாள். மதர் அவள் கன்னத்தைத் தொட்டு என்னவோ நீளமாகச் சொன்னார், அவளுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை, ஆனால் வாயைப் பார்த்துக்கொண்டே நின்றாள். நான் தாளை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். திரும்பி வரும்போது ரயிலில் அவள் என் மடியில் தலை வைத்துக்கொண்டு, "அந்த அம்மா அப்பா மாதிரியே சொன்னாங்க, இல்ல ஆத்தா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

ஒன்று மட்டும் உன்னிடம் கேட்டுக்கொள்கிறேன். அந்தத் தாள் இன்னும் தகரப் பெட்டியில்தான் இருக்கிறது. நாலு மூலையிலும் மஞ்சள் கறை. அதைப் படிப்பதற்காகத்தான் நீ பிரெஞ்சு படிக்கிறாய் என்று அவளிடம் யாரும் சொல்லக் கூடாது. நீயும் சொல்லாதே. அது படித்து முடிந்த தாள். ஒரு நாள் அவளாக எடுத்துப் பார்த்தால் பார்க்கட்டும். நான் பெட்டியைப் பூட்டி வைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை லீவு என்றாயே. திருச்சிக்குப் போகாதே, நேராக இங்கே வா. அப்பா கடிதத்தையும் எடுத்து வா, மறுபடி ஒருமுறை அதை நீ வாய்விட்டுப் படித்து நான் கேட்கவேண்டும். சனிக்கிழமை ராத்திரி ரயிலில் ஏறினால் கோழி திறக்கும் நேரத்துக்கு வந்துவிடலாம். கொல்லைப் பக்கமாகவே வா. வியேன் இசி என்று அவள் கூப்பிடுவாள், கோழிகள் ஓடிவரும். உன்னையும்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்துக்கொண்டு உள்ளே வா.

உன் ஆத்தா